பழைய 'நீட் ஃபார் ஸ்பீட்: போர்ஷ' சீடியை விண்டோஸ் 10, 11இல் ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமிருந்து பழைய சீடிகளைக் கொண்டுவந்து, "அண்ணே, இது புது லெப்டொப்பில் ஓடுமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஓடும். ஆனால் ஒரு பட்டனை அழுத்தியதும் ஓடிவிடாது. திரும்பத் திரும்பச் சொல்லிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ கார் விளையாட்டுகள் இருக்கும்போது ஏன் இதை எடுத்துக்கொண்டீர்கள்?

எனக்குப் பிடித்த விளையாட்டு என்பதுதான் முதல் காரணம். அம்மா குவைத்தில் வேலை செய்துவிட்டு லீவில் வந்தபோது வாங்கிவந்த சீடி இது. எங்கள் தோட்டத்து லயத்தில் யாரிடமும் கணினி இல்லை. பெரிய கிளாக்கர் வீட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய மகனோடு சேர்ந்து விளையாடுவேன்.

2000ஆம் ஆண்டில் வந்த விளையாட்டு. அமெரிக்காவில் 'போர்ஷ அன்லீஷ்ட்', ஐரோப்பாவில் 'போர்ஷ 2000' என்று பெயர். முழுக்க முழுக்க போர்ஷ கார்கள்தான். 'எவலூஷன்' என்ற பகுதியில் 1950இல் ஒரு 356 காரோடு தொடங்கி, பந்தயத்தில் கிடைக்கும் காசில் பழைய கார் வாங்கி, திருத்தி, விற்று, 2000 வரை வரவேண்டும். அல்ப்ஸ், பிரனீஸ், கோர்சிகா என்று பாதைகள். அல்ப்ஸ் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு வரும்போது நானுஓயாவில் இருந்து ரதல்லைப் பக்கம் இறங்குவது போலவே இருக்கும். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்தகாலத்தில் அதை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது காரணம், இதை இன்று எந்த இணையக் கடையிலும் வாங்க முடியாது. போர்ஷ கார்களை விளையாட்டுகளில் காட்டும் உரிமை இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் 2016 வரை தனியுரிமையாக இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு பழைய விளையாட்டை மறுபடி விற்க யாரும் முன்வருவதில்லை. ஆகவே கையில் உள்ள சீடிதான் கதி.

1998 முதல் 2001 வரை வந்த வேறு கார் விளையாட்டு வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

சீடி நன்றாகத்தான் இருக்கிறது. விளையாட்டு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அதைச் சுற்றியிருந்த விண்டோஸ்தான் மாறிவிட்டது. விளையாட்டு திரைக்கு வருவதற்கு மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது செட்டப். இரண்டாவது, அசல் சீடிதானா என்று பார்க்கும் பூட்டு. மூன்றாவது, படம் காட்டும் வேலை. எந்தக் கதவில் நிற்கிறது என்று தெரியாமல் கண்ட கண்ட ஃபைலை எல்லாம் இறக்கிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

செட்டப்பையே தொடங்க முடியாமல் "இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்று வந்தால் முதல் கதவு. செட்டப் முடிந்தது, ஐகானை அழுத்தினால் சத்தமே இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது சீடியைப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றால் இரண்டாவது. கறுப்புத் திரை வந்து மூடிக்கொள்கிறது, நிறங்கள் குழம்புகின்றன, படம் மூலையில் சுருங்கி நிற்கிறது என்றால் மூன்றாவது.

செட்டப் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு நிரல் எந்தத் தலைமுறைக் கணினிக்கு எழுதியது என்பதைத்தான் 16-பிட், 32-பிட், 64-பிட் என்கிறோம், எண் கூடினால் புதியது. அந்தக் காலத்தில் விளையாட்டு 32-பிட் ஆக இருந்தாலும், அதை நிறுவும் செட்டப் நிரல் சில நேரம் 16-பிட் ஆகவே இருந்தது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் ஓடாது. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆக, உள்ளே இருக்கும் விளையாட்டு ஓடக்கூடியது, வாசலில் நிற்கும் செட்டப்தான் ஓடாதது. இதை விளங்கிக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

இதற்கு 'வைன்விடிஎம்' என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களை ஓட்டுவதற்காகவே செய்தது. அதை வைத்து செட்டப்பைத் திறந்து பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால், பழைய கணினி ஒன்றில் நிறுவி, நிறுவிய ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து வரலாம். அப்படி எடுத்து வந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த விளையாட்டுக்கு இருக்கும் பதிவையும் ஏற்றுமதி செய்து எடுத்து வரவேண்டும். 64-பிட் விண்டோஸில் அது 'வாவ்6432நோட்' என்ற பிரிவுக்குள் போய் உட்கார வேண்டும். இதை மறந்துவிட்டு, "ஃபோல்டர் இருக்கிறது, ஓடவில்லையே" என்று வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. நிறுவும்போது 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போடாதீர்கள். சி டிரைவிலேயே 'கேம்ஸ்' என்று தனியாக ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் போடுங்கள். காரணம் பிறகு வரும்.

நிறுவியாயிற்று. ஐகானை அழுத்தினால் எதுவும் வரவில்லையே?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இந்தச் சீடியில் 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டு இருக்கிறது. மேக்ரோவிஷன் நிறுவனம் செய்தது. சீடியை அச்சடிக்கும்போதே வாசிக்க முடியாத இடங்களை வேண்டுமென்றே அதில் வைத்துவிடுவார்கள். வீட்டில் நகல் எடுத்த சீடியில் அந்த இடங்கள் அதே மாதிரி வராது. விளையாட்டைத் திறக்கும்போது அந்த இடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் விடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும். இந்தச் சோதனைக்கு 'செக்டிரைவ்' என்ற ஒரு டிரைவர், அதாவது விண்டோஸுக்குள் ஓடும் துணை நிரல் தேவை. விண்டோஸ் எக்ஸ்பியில் அது கூடவே வந்தது.

பிரச்சினை என்னவென்றால், அந்த டிரைவர் விண்டோஸின் அடியாழத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. 2007இல் அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. சாதாரண உரிமை உள்ள ஒருவர் அதன் வழியாக முழுக் கணினியையும் பிடித்துவிட முடிந்தது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனாலும் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே ஆதரிக்காமல் விட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட் விண்டோஸ் 7, 8இலும் அதை நிறுத்தியது. "நேற்று வரை ஓடிய விளையாட்டு அப்டேட் போட்டதும் நின்றுவிட்டது" என்று அப்போது பலர் சொன்னதன் காரணம் இதுதான்.

இப்போது என்ன வழி? 'சேஃப்டிஸ்க்ஷிம்' என்ற திறந்த மூல நிரல் ஒன்று இருக்கிறது. பழைய டிரைவரை மீண்டும் விண்டோஸுக்குள் நுழைக்காமல், அந்த டிரைவர் சொல்லவேண்டிய பதிலை மட்டும் அது சொல்கிறது. அசல் சீடி டிரைவுக்குள் இருக்கத்தான் வேண்டும். சேஃப்டிஸ்க்கில் பல பதிப்புகள் இருப்பதால் உங்கள் சீடிக்கு ஒத்துவருகிறதா என்று முயன்று பார்த்துத்தான் சொல்லமுடியும். ஒத்துவராவிட்டால் பழைய எக்ஸ்பி கணினிதான் நேர் வழி. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

விண்டோஸை 'டெஸ்ட் மோட்'டில் போட்டு, பழைய செக்டிரைவை நாமே கையொப்பமிட்டு ஏற்றும் முறை ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் பாடம் படிக்கிற, வங்கி வேலை பார்க்கிற கணினியில் ஒரு விளையாட்டுக்காக வாசற்கதவைத் திறந்து போடக்கூடாது.

கிராக் போட்டால் எல்லாம் முடிந்துவிடுமே?

கிராக் என்பது பூட்டை உடைத்து மாற்றிய ஃபைல். அந்தப் பெயரில் வைரஸை இறக்கி, படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் இழந்தவர்களின் கணினிகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு தம்பியின் சாதாரண தரப் பரீட்சைக் குறிப்புகள் முழுவதும் போயின, மீட்க முடியவில்லை. நான் போட்டுத் தரமாட்டேன்.

கறுப்புத் திரை, குழம்பிய நிறங்கள். இதற்கு?

இங்கே நல்ல செய்தி இருக்கிறது. மூன்று கதவுகளில் இதுதான் சுலபமாகத் திறக்கும்.

2000இல் விளையாட்டுகள் டைரக்ட்எக்ஸ் 7 காலத்து முறையில் படம் காட்டச் சொல்லும், இல்லாவிட்டால் அந்தக் காலத்து வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான 'கிளைட்' முறையில் கேட்கும். அன்றைக்கு 16-பிட் நிறம், அதாவது குறைவான நிறங்கள் உள்ள முறைதான் வழக்கம். விண்டோஸ் 8இல் இருந்து திரை எப்போதும் 32-பிட் நிறத்தில்தான் இருக்கும், பழைய நிற முறைகளை விண்டோஸ் பாவனை செய்து காட்டுகிறது. புதிய கிராஃபிக்ஸ் டிரைவர்களோ அந்தப் பழைய கட்டளைகளைக் கவனிப்பதே இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையை 'டிஜிவூடூ 2' என்ற இலவச நிரல் செய்கிறது. பழைய கட்டளைகளை வாங்கி டைரக்ட்எக்ஸ் 11 அல்லது 12 ஆக மாற்றிக் கொடுக்கும்.

செய்முறை இப்படி. அதன் சொந்தப் பக்கத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். அவிழ்த்தால் 'எம்எஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'எக்ஸ்86', 'எக்ஸ்64' என்று பிரிவுகள் இருக்கும். உங்கள் விண்டோஸ் 64-பிட் ஆக இருந்தாலும் விளையாட்டு 32-பிட். ஆகவே 32-பிட்டுக்கான எக்ஸ்86இல் உள்ள டிஎல்எல் என்ற துணை ஃபைல்களைத்தான் எடுக்கவேண்டும். பத்தில் ஐந்து பேர் இங்கேதான் தவறுகிறார்கள். அவற்றையும், டிஜிவூடூவின் கன்ட்ரோல் பேனல் நிரலையும் விளையாட்டைத் தொடங்கும் எக்ஸி ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டருக்குள் போடுங்கள். விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் போடவே கூடாது, மற்ற நிரல்களும் சேர்ந்து குழம்பும்.

அப்புறம் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, படத்தின் அளவை உங்கள் திரைக்கு ஏற்ப வையுங்கள். அளவு மாற்றும் இடத்தில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வைக் காப்பாற்றும் தெரிவை எடுத்தால் கார் சப்பையாகத் தெரியாது, இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். கார்களின் வளைவுகளை அவ்வளவு கவனமாகச் செய்த விளையாட்டை இழுத்துப் பரப்பிப் பார்க்க மனம் வருவதில்லை.

விளையாட்டைத் திறந்ததும் திரையின் கீழ் மூலையில் டிஜிவூடூவின் சின்னம் தெரிந்தால், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு 'வாட்டர்மார்க்' என்ற குறியை எடுத்துவிட்டால் சின்னம் மறையும். சின்னம் தெரியவே இல்லை என்றால், டிஎல்எல் தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது விளையாட்டு கிளைட் முறையைத் தேடுகிறது. இரண்டாவதாக இருந்தால் '3டிஎஃப்எக்ஸ்' ஃபோல்டரில் உள்ள கிளைட் ஃபைல்களை அதே மாதிரி போடவேண்டும்.

சில வைரஸ் தடுப்பு நிரல்கள் டிஜிவூடூவைச் சந்தேகத்தோடு பார்க்கும். சொந்தப் பக்கத்தில் இருந்து இறக்கியதாக இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் விலக்கு அளித்துவிடலாம்.

கம்பாட்டிபிலிட்டி மோடில் 'விண்டோஸ் 98' என்று குறி போடவேண்டுமா?

டிஜிவூடூ போட்டிருந்தால் முதலில் வேண்டாம். இரண்டும் ஒரே இடத்தில் கை வைத்தால் எது எதைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கம்பாட்டிபிலிட்டி குறி இல்லாமல் ஓடாவிட்டால் மட்டும் 'எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3' என்று வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

ஓடுகிறது. ஆனால் நடுவில் உறைந்து நின்றுவிடுகிறது.

அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் புரோசசருக்கு ஒரே ஒரு கோர். இன்று நான்கு, எட்டு. ஒரே கோரை நம்பி எழுதிய விளையாட்டு, வேலை பல கோர்களுக்குப் பிரிந்து போனால் தடுமாறலாம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்ட்-டேப் அழுத்தி வெளியே வந்து, டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், அதன் எக்ஸி மேல் வலது கிளிக் செய்து, 'செட் அஃபினிட்டி'யில் ஒரு கோரை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டியிருக்கும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

லெப்டொப் சூடாகி விசிறி இரைந்தால், டிஜிவூடூவில் 'வி-சிங்க்'கைப் போட்டுவிடுங்கள். திரைக்குத் தேவையான அளவு படங்களை மட்டும் வரையும்.

காரும் காசும் சேர்த்து வைத்தேன். மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை!

'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போடாதீர்கள் என்று சொன்னேனே, இதற்காகத்தான். இந்த விளையாட்டு சேமிப்பை எல்லாம் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். புதிய விண்டோஸ் அந்த இடத்தில் எழுத விடாது. சில நேரம் 'வேர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', அதற்குள் தேடிப் பாருங்கள். போனதாக நினைத்த 356 அங்கே இருக்கலாம். கிடைத்தால் விளையாட்டை 'கேம்ஸ்' ஃபோல்டருக்கு மாற்றி, சேமிப்பையும் அதற்குள் போடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. ஆகவே சேமிப்பு ஃபோல்டரின் நகல் ஒன்றை பென் டிரைவிலும் வைத்திருங்கள்.

சீடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வாசிக்கவும் மாட்டேன் என்கிறது.

இது நம் மலைநாட்டுக்கே உரிய தொல்லை. மூடுபனியும் ஈரமும் உள்ள வீட்டில், சுவரோடு ஒட்டிய அலுமாரியில் பல வருடம் கிடந்தால் சீடியில் பூஞ்சணம் பிடிக்கும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பயமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பருத்தித் துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே போவதால் வாசிப்பது கஷ்டமாகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அச்சிட்ட பக்கத்தில் ஊசித் துளைகள் மாதிரி தெரிந்தால், வெள்ளிப் படலமே போய்விட்டது. அதைத் திருப்பி எடுக்க முடியாது.

துடைத்த பிறகும் நகல் எடுக்கும்போது தொடக்கத்திலேயே நெடுநேரம் நின்று பிழை காட்டினால் உடனே சீடியைத் தூக்கி எறியாதீர்கள். மேலே சொன்ன சேஃப்டிஸ்க்கின் வாசிக்க முடியாத இடங்கள் அவை. கெட்ட சீடிக்கும் பூட்டிய சீடிக்கும் வித்தியாசம் தெரியாமல் நல்ல சீடிகளைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள், அது எனக்கு மனவருத்தம்.

இனி அரிசிப் பானையில் போட்டு வைப்பதைவிட, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைச் சேர்த்து மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

லெப்டொப்பில் சீடி போடவே இடமில்லை.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் நிறுவலாம். ஆனால் விளையாடும்போதும் சீடி உள்ளே இருக்கவேண்டும் என்பதால் சொந்தமாக ஒன்று இருப்பது வசதி.

பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாமா?

இடம் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். எக்ஸ்பி போட்ட ஒரு பென்டியம் 4, தனி கிராஃபிக்ஸ் கார்டு, சீடி டிரைவ். மூன்று கதவுகளும் தாமாகத் திறக்கும். வாங்கியதும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போகும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு நின்றுவிட்டது. அதை இணையத்தில் இணைக்காதீர்கள்.

விண்டோஸ் 11க்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி செய்து அதில் எக்ஸ்பி போடலாமே என்றும் கேட்கிறார்கள். கணக்கு மென்பொருளுக்கு அது நல்லது. முப்பரிமாண விளையாட்டுக்குப் பெரும்பாலும் படம் தடுமாறும். 'பிசிஎம்', '86பாக்ஸ்' என்ற நிரல்கள் வூடூ கார்டு உட்பட ஒரு முழுப் பழைய கணினியையே பாவனை செய்யும். அதற்கு நல்ல வேகமான புரோசசர் வேண்டும்.

லினக்ஸ், மேக், போன்?

லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் 'வைன்' வழியாக முயலலாம். அதில் ஒரு வசதி, 64-பிட் லினக்ஸிலும் 16-பிட் செட்டப்பை வைன் ஓட்டும். விண்டோஸ் 11 செய்யாததை இது செய்கிறது. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவில் இருந்து 32-பிட் நிரல்கள் நிறுத்தப்பட்டுவிட்டன, வழி சுற்று. ஆண்ட்ராய்டு போனுக்கு 'வின்லேட்டர்' என்று ஒன்று உண்டு. பொழுதுபோக்காக முயலலாம், ஆனால் தொடுதிரையில் இந்தக் காரை ஓட்டுவது சரிவராது.

ஓடிவிட்டது, நன்றி அண்ணே. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கார் சுழன்று நிற்கிறது. இதுவும் பொருந்தாமையா?

இல்லை தம்பி, விளையாட்டு இப்போதுதான் சரியாக ஓடுகிறது. 356க்கும் 911க்கும் எஞ்சின் பின்னால், பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவுக்குள் போனபிறகு பயந்து அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், வால் வெளியே வீசும். உண்மையான காரிலும் அப்படித்தான். இதை அவ்வளவு நேர்மையாகக் காட்டியதால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதைத் தேடிக்கொண்டு வருகிறோம்.

கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் பஸ் சாரதிகளைக் கவனியுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு, கியரைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகப் போய், வெளியே தெரியத் தொடங்கியதும் வேகம் எடுப்பார்கள். அதையே செய்யுங்கள். அம்புக்குறி பட்டன்களை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள். முதலில் 1950இன் 356ஐ அல்ப்ஸில் சுழலாமல் ஒரு முறை முழுதாக ஓட்டிவிட்டு, அப்புறம் 911 வாங்குங்கள்.